தனத்தின் பச்சை குத்திய கை

பூதலூர் பக்கம் எங்கள் ஊர். கூலித் தகராறில் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி நடவு நட்ட வருஷம் அது. சின்ன விவசாயிகளின் வயலில்தான் எங்களுக்கு வேலை. அங்கே நடவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்போதுதான் எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தாள் தனம். கை நிறையப் பச்சை குத்தியிருந்தாள்; நடுவில் ஒரு தேள். வந்த மூன்றாம் நாளே எனக்கு முன்னால் நட்டு முடித்து வரப்பேறிவிட்டாள். "அந்தப் பொண்ணு கை என்னா வேகம்!" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேளைக் குத்திக்கிட்டுத் திரியிறவ நல்ல குடும்பத்துப் பொண்ணா இருப்பாளா? அவ மிராசுதார் ஆளுதான், ராத்திரியில அவரு வீட்டுக்குப் போய் வர்றா" என்று குளத்தில் துணி துவைக்கும்போது சொல்லிவைத்தேன். ஒரே வாரத்தில் அது எங்கள் விவசாயக் கூலிகள் சங்கக் கூட்டம்வரை போய்விட்டது. இனி தனத்தை வேலைக்குச் சேர்க்கக் கூடாது என்றார்கள். அவள் அழுதுகொண்டு நின்றாள்.

கூட்டத்திலிருந்த என் அம்மா எழுந்து தன் கையை நீட்டினாள். முழங்கைவரை பச்சை.

"பச்சைதான் குத்தம்னா என்னையும் சேத்து ஒதுக்கிடுங்க."

எனக்குச் சோறு ஊட்டிய கை அது. ஒருநாளும் எனக்கு அது தப்பாகத் தெரிந்ததில்லை.

"தனம் மிராசுதார் வீட்டுக்குப் போனதை யாரு பாத்தது?" என்று சங்கத் தலைவர் கேட்டார். "யாரும் பாக்கலைங்க. கதை கட்டினது நான்தான்" என்றேன்.

இன்றைக்கும் அவள் முதலில் வரப்பேறினால் என் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால், "என்னைவிட வேகமா நடுறாளே, பாவி!" என்று அவள் காதில் விழவே சொல்லிவிடுகிறேன். அவளும் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாக நடுகிறாள்.