கிறிஸ்துராஜின் வலது கை

கிறிஸ்துராஜுக்கு வாய் திறக்கும் முன் கை நீண்டுவிடும். அம்பத்தூர் கம்பெனி கேன்டீனில், வரிசையில் தன்னை இடித்துக்கொண்டு முன்னே போன சூப்பர்வைசரை எவர்சில்வர் தட்டாலேயே அடித்தான். வேலை போனது. பிறகு கார் ஏசி வேலையைக் கற்றுக்கொண்டு, பாரிவாக்கத்தில் வீட்டு வாசலிலேயே தகரக் கொட்டகை போட்டுக் கடை வைத்தான். தொழிலில் நல்ல பெயர் கிடைத்தும் கை அடங்கவில்லை. போன கிறிஸ்துமஸ் அன்று, பிரியாணி சாப்பிட வந்த மனைவியின் தம்பி யூஜின் ஏதோ கிண்டல் செய்ய, ஒரே குத்தில் அவன் தாடை உடைந்தது.

தம்பியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய ஹில்டா அழவில்லை. மகள் ஸ்டெஃபியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"இனிமே யார் மேலயாவது உங்க கை ஓங்கிச்சின்னா, நானும் ஸ்டெஃபியும் இந்த ஊட்ல இருக்க மாட்டோம். சண்டை போட மாட்டேன். கெளம்பிடுவேன். அவ்ளோதான்."

சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கோபம் வந்தால் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்வான். எதிரே டீக்கடையில் கேலி செய்வார்கள்: "இன்னா மாமே, கைய சேட்டாண்ட அடகு வெச்சிட்டியா?"

மே மாதத்தில் ஒரு மத்தியானம், வெள்ளானூர் துலுக்கானத்தின் வெள்ளைக் கார் கொட்டகைத் தூணை இடித்துக்கொண்டு வந்து நின்றது. அவன் சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவன். இறங்கும்போதே கையில் இரும்புக் கம்பி.

"டேய் கிறிஸ்து! வெளிய வாடா!"

முதல் அடி தோளில் விழுந்தது. என்னவென்று கேட்பதற்குள் அடுத்தது புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"என் பொண்ணு கால்ல பிளாஸ்டிக் உருகி ஊத்திக்கீதுடா! முன்சீட்டுல குந்திகினு இருந்த புள்ள. தோலு கழண்டு வந்துச்சிடா! போன மாசம் ஏசில கை வெச்சது நீதான? இன்னாடா பண்ண?"

கிறிஸ்துராஜின் கைகள் பைக்குள் போயின. ஹில்டா வாசற்படிக்கு வந்துவிட்டாள்.

"அண்ணாத்தே, நான் கேஸ்தான் ஏத்துனேன். வயர் பக்கமே போவல."

"பொய் சொன்னே, மண்டைய பொளந்துடுவேன்."

"பொளந்துக்கோ. மொதல்ல வண்டிய தொறந்து பாப்போம். என் தப்புன்னா நானே குனியறேன்."

அவன் அப்படிச் சொன்னானே தவிர, உள்ளுக்குள் ஒரு சந்தேகம். கேஸ் ஏற்றிய அன்று எந்த வயரையாவது அழுத்தி வைத்துவிட்டோமா? அவனுக்கே நிச்சயமில்லை.

சாவியைத் திருப்பி ஏசியைப் போட்டான். காற்று வரவில்லை. சென்னையில் யாரும் தொடாத சிவப்புப் பக்கத்துக்கு, ஹீட்டருக்கு, குமிழைத் திருப்பினான். அதிலும் இல்லை.

"ரெண்டுத்துக்கும் காத்து தள்றது ஒரே ஃபேன்தான். அது நின்னுகீது. கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"கதை உடாத." கம்பியின் முனை விலாவில் இறங்கியது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தான். ஃபேனுக்கான ஃப்யூஸின் கால்களில் செம்புக் கம்பி முறுக்கிச் சுற்றப்பட்டிருந்தது.

"இத யாரு சுத்துனது?"

"நான்தான். ஃப்யூஸ் சும்மா சும்மா போய்கினே இருந்துச்சி. சுத்துனேன், நின்னுச்சி. ஊர்ல எவன்டா சுத்தல?"

டாஷ்போர்டின் சின்னப் பெட்டியைக் கழற்றினான். பின்னால் இருந்த வயர் முனை கருகிக் கூழாகியிருந்தது. திருகுகளை எடுத்து மோட்டாரை உருவினான். கூண்டு போன்ற ஃபேனின் தகடுகளுக்கு இடையே காய்ந்த சாமந்தி இதழும் வேப்பிலையும் திணித்து வைத்ததுபோல் அடைத்திருந்தன. மாலை கட்டிய நார் அச்சை இறுக்கிச் சுற்றியிருந்தது.

துலுக்கானம் வெள்ளிக்கிழமைதோறும் மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய், காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெளிப்பக்கமாக மாலையைக் குறுக்காகச் சாத்துவான். அடுத்த வெள்ளிவரை அதை எடுக்கக் கூடாது என்பது அவன் கணக்கு. காய்ந்த பூவெல்லாம் அங்கிருக்கும், ஏசிக்குக் காற்று போகிற சந்து வழியாக உள்ளே உதிர்ந்திருக்கிறது.

"இத புடிக்கத்தான் ஒரு ஃபில்டர் இருக்கும். எங்க?"

"காத்து கம்மியா வருதுன்னு..." துலுக்கானத்தின் குரல் இறங்கியது. "நான்தான் உருவிப் போட்டேன்."

"பூ அடைச்சி ஃபேன் சுத்த முடியல. சுத்த முடியாம ஜாஸ்தியா கரன்ட்ட இழுத்துச்சி. ஃப்யூஸ் சும்மா இருந்திருந்தா அது செத்து கரன்ட்ட நிறுத்தியிருக்கும். நீ கம்பி சுத்துன. வயர் எரிஞ்சிச்சி. உம் பொண்ணு கால எரிச்சது நீதான்."

கம்பி துலுக்கானத்தின் கையிலிருந்து நழுவியது. தரையில் குந்தினான். "அம்மனுக்குப் போட்ட பூவுய்யா அது," என்றான். "பாப்பா... ஐயோ பாப்பா..." என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டீக்கடைக் கூட்டம் கலையத் தொடங்கியது. ஒருவன் தண்ணீர் கொண்டு வந்தான்.

கிறிஸ்துராஜ் நிமிர்ந்தான். அதுவரை அவனைக் கட்டிப்போட்டிருந்தது ஹில்டா போய்விடுவாளோ என்ற பயம் மட்டுமல்ல. தப்பு தன்னுடையதோ என்ற சந்தேகமும்தான். இப்போது அது இல்லை. நியாயம் முழுக்க அவன் பக்கம் இருந்தது. தலைக்குள் அது கள்ளைப்போல் ஏறியது. கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது.

முதல் அடியில் துலுக்கானத்தின் காறை எலும்பு முறிந்த சத்தம் டீக்கடைவரை கேட்டது. தடுக்க உயர்ந்த மணிக்கட்டில் அடுத்தது. சாய்ந்தவன் முகத்தில் காலால் உதைத்தான். பல்லும் ரத்தமும் பூவின்மேல் சிதறின. மூன்று பேர் சேர்ந்து இழுத்துத்தான் அவனைப் பிரிக்க முடிந்தது.

துலுக்கானத்தை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஹில்டா உள்ளே போனாள். ஒரு பையோடும் ஸ்டெஃபியோடும் வெளியே வந்தாள்.

"ஹில்டா, நீ பாத்துகினுதான இருந்த? அவன்தான மொதல்ல அடிச்சான்? என் மேல தப்பே இல்லியே!"

"பாத்தேன். அவன் அடிச்சப்போ நீங்க நின்னீங்க. இவ்ளோ நாளா ஜெபம் பண்ணது வீண் போவலன்னு நெனச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "அவன் அழறப்போதான் அடிச்சீங்க."

அவர்கள் ஏறிய ஷேர் ஆட்டோ ஆவடிப் பக்கம் திரும்பியது. கிறிஸ்துராஜ் ஸ்பேனரோடு நடு ரோட்டில் நின்றிருந்தான். அதைக் கீழே வை என்று சொல்லக்கூட யாரும் அவன் கிட்டே போகவில்லை.