விரல் மடிப்பில் எண்ணிய போலந்துச் சொற்கள்

என்னை இரண்டாம் வகுப்போடு மறித்துப்போட்டார்கள், தம்பி தங்கச்சிமாரைப் பார்க்க ஆள் வேணும் என்று. ஆனபடியால் என்ர பள்ளிக்கூட வயது அறுபத்தொன்றில்தான் வந்தது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், மகளின் வீட்டுக் குசினி மேசையில். சிறுவயது நினைவு சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்லுவேன். வேறு எதைச் சொல்ல?

மேல்வீட்டில் தாயோடு ஒரு போலந்துப் பெட்டை இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தாயின் நாட்டில் டாக்குத்தருக்குப் படிக்க ஆசை. அதற்கு அங்கே மூன்று பேராசிரியர்மாருக்கு முன்னால் போலிஷில் வாசித்துக் காட்ட வேணும். அவளுக்குத் தெரிந்ததோ சாப்பிடவும் ஏச்சு வாங்கவும் மட்டும் காணுமான வீட்டுப் போலிஷ். விஞ்ஞானச் சொல்லெல்லாம் கோச்சி ரயில் மாதிரி நீளம். எங்கே துண்டு போடுவது, எந்தத் துண்டில் குரலை உயர்த்துவது என்று தடுமாறினாள். தாய் முதியோர் இல்லத்து வேலைக்கு ஓடுகிற மனிசி. சொற்களைக் கசற்றில் பேசிக் கொடுத்துவிட்டா. பிழை பிடிக்க ஒரு காது வேணும். பகல் முழுக்க சும்மா இருந்த காது என்னுடையது.

"அம்மா, உங்கட பேரை எழுதவே உங்களுக்கு அரை மணித்தியாலம். நீங்கள் விஞ்ஞானம் படிப்பிக்கப் போறியளோ?" என்று மகள் சிரித்தாள்.

"எழுத்துத்தான் வராது. காது செவிடில்லை," என்றேன்.

பெருவிரலால் மற்ற விரல் மடிப்புகளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். கசற் சொல்லும்: தெர்-மோ-தி-னா-மி-கா. ஆறு மடிப்பு, சரியாக இரண்டு விரல். குரல் உயர்வது 'னா'வில். அந்த மடிப்பை அழுத்திப் பிடிப்பேன். அவள் 'மி'யில் உயர்த்தினால் "நொஹ் மால்" என்பேன், திரும்பச் சொல் என்று.

சரியாகச் சொன்னால், எங்கட வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். உடனே அவள் முதலிலிருந்து தொடங்குவாள். சரி வந்தும் விடுகிறாள் இல்லையே, என்ன கெட்டிக்காரி என்று இன்னும் பலமாக ஆட்டுவேன்.

மூன்றாம் நாள் கடுதாசியை மேசையில் எறிந்தாள். "இருபது தரம் சொல்லிப்போட்டன், இருபதும் பிழை. எனக்கு ஏலாது. நான் போகேல்லை," என்று ஜேர்மனில் சொல்லி அழுதாள். அரைவாசிதான் எனக்கு விளங்கியது. ஆறுதலுக்குத் தலையை ஆட்டினேன். இன்னும் கூட அழுதாள்.

அந்த நேரம் வேலையால் வந்த மகள் கதவடியிலேயே நின்று கத்தினாள்: "ஐயோ அம்மா, தலையை ஆட்டாதேங்கோ! இஞ்ச அப்பிடி ஆட்டினால் இல்லையெண்டு கருத்து!"

பெட்டைக்கும் விளங்கப்படுத்தினாள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நேற்றுச் சொன்னது?"

"நேற்றுப் பின்னேரம் தொட்டு எல்லாம் சரி, பிள்ளை."

அடுத்த நாளிலிருந்து ஒரு கையால் என்ர நாடியை, தலை திரும்பாதபடி, இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சொற்களைச் சொன்னாள். நானும் ஆடாமல் அசையாமல், "யா, யா," என்றேன்.

தேறிவிட்டாள். கேக்கோடு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். படியில் கண்ட சனத்துக்கெல்லாம் நான் படிப்பித்த பிள்ளை என்று சொல்லித் திரிந்தேன். அவள் அங்கே படிக்கப் போன அன்று வடை சுட்டுக் கட்டிக் கொடுத்து, ஒரு பெட்டியைக் கீழே இறக்கி விட்டதும் நான்தான். அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோசம். அந்தப் பெட்டியோடு என்ர பகல்களையும் சேர்த்து இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது மட்டும் அறுபத்தொரு வயதுப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அப்போது விளங்கவில்லை.