ஜமக்காளத்துக்கு உள்ளே

எங்கள் வீட்டுப் பரணில் சிவப்புக் கோடு போட்ட பெரிய ஜமக்காளம் ஒன்று இருக்கிறது. கல்யாணம் காட்சி என்று யார் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். "இந்தக் கந்தலுக்கா இவ்வளவு கிராக்கி?" என்பார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். நேற்று மகள் அதைத்தான் கேட்டாள். அவளும் ஊர் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளும் சேர்ந்து, பெரியவர்கள் யாருமில்லாமல் சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தப் போகிறார்களாம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பொம்மிடிப் பக்கத்தில் எங்கள் ஊர் மன்றமும் அப்படித்தான் நடத்தியது. எல்லாம் செயலாளர் அண்ணன் பொறுப்பு. அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தார், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வீடு வீடாக வந்து, "அனுப்புங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சினார். அம்மா என்னையும் அனுப்பி, உட்கார இந்த ஜமக்காளத்தையும் கொடுத்துவிட்டாள்.

மலையடிவாரத் தோப்பு. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலாக இருக்கட்டும் என்று அண்ணன் புளியமரத்தடியில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். மேலே யாரும் பார்க்கவில்லை. புகை ஏறி, கிளையில் தொங்கிய மலைத்தேனீக் கூடு கலைந்தது. ஐயோ, அந்த இரைச்சல்! நாங்கள் சிதறி ஓடப் பார்த்தோம். "ஓடாதீங்க! எல்லாம் இதுக்குள்ள வாங்க, குப்புறப் படுங்க!" என்று கத்திக்கொண்டே அண்ணன் எங்களை ஜமக்காளத்துக்குள் தள்ளி மூடினார். உள்ளே மூச்சு முட்டியது. துணிமேல் தேனீக்கள் வந்து மோதும் சத்தம் கேட்டது. ஓரத்தைக் காற்று தூக்கும்போதெல்லாம் ஒரு கை வந்து அழுத்திப் பிடித்தது. அந்தக் கை வெளியே இருக்கிறது என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

எங்களில் சிலருக்கு ஒன்றிரண்டு கொட்டு, அவ்வளவுதான். அண்ணனைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து வந்தவரை ஊர்க் கூட்டத்தில் நிற்கவைத்தார்கள். "பசங்ககிட்ட விட்டா இப்படித்தான் ஆகும்" என்றார் ஊர்த்தலைவர். வீக்கம் வடியாத உதட்டோடு அண்ணன், "அடுப்பு வெச்சது நான்தாங்க" என்றார். ஜமக்காளத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முகாம் அதோடு நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் மட்டும் அந்த வெயிலில் வேறு எங்கே அடுப்பு வைத்திருப்பார்களாம்? எங்களூர்க் கல்யாணச் சமையலெல்லாம் புளியமரத்தடியில்தானே நடந்தது!

"அடுப்பு எங்கடி வெக்கப் போறீங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"புளியமரத்தடியிலதாம்மா. நல்ல நெழலு."

எனக்கு உயிரே போய் வந்தது. போகவே வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "மொதல்ல அண்ணாந்து மேல பாருங்க" என்றேன். பிறகு அண்ணன் கதையை முழுதாகச் சொன்னேன்.

ஸ்டூலைப் போட்டு ஏறி ஜமக்காளத்தை இறக்கினாள். கூடத்தில் விரித்துப்போட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்தாதும்மா" என்றாள். "பிள்ளைங்கெல்லாம் உள்ள போயிடும். மூடறவங்களுக்கு எடம் இல்லையே. இன்னொண்ணு வேணும்."