நீந்தத் தெரியாத படகுக்காரர்

எனக்குச் சம்பந்தம் பேசி வந்தபோது, மாப்பிள்ளை கொழும்பில் சட்டம் படித்தவர், கல்லூரியில் துடுப்புப் படகு வலித்தவர் என்று சொன்னார்கள். சட்டம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்த என்னைப் பெற்ற ஐயா, படகு என்றதும் கதிரையில் சாய்ந்துவிட்டார்.

"வள்ளம் வலிக்கிற ஆக்கள் எங்கட பருத்தித்துறையிலேயே இருக்கினம். அதுக்கு ஏன் கொழும்புக்குப் போகவேணும்?"

பிறகு ஒரு படம் வந்தது. வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒன்பது பெடியன்கள் துடுப்புகளோடு நின்றார்கள். அந்தக் கல்லூரியில் படகோட்டம் தொடங்கிய காலத்து முதல் அணி. ஐயா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "மீன் ஒண்டும் இல்லைத்தானே" என்று சம்மதித்தார். ஐயாவின் அந்தச் சாதிப் பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஓரத்தில் நின்ற நெட்டை மாப்பிள்ளையை எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துப்போனதால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு நீந்தத் தெரியாது என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அணியில் சேர்ந்த நாளில் பயிற்சியாளர் "நீந்துவியோ?" என்று கேட்டிருக்கிறார். இவர் "ஓம் சேர்" என்றிருக்கிறார். பரீட்சை அவ்வளவுதான். அணி பயிற்சி எடுத்த கொழும்புப் பேரை வாவியின் அழுக்குத் தண்ணீர் இருந்த இருப்புக்கு, அதில் இறங்கி நீந்திக் காட்டு என்று யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். படிப்பு முடிந்ததும் பகலில் நீதிமன்றத்தில் வழக்குப் பேசினார், பின்னேரங்களில் அதே வாவியில் கல்லூரிப் பெடியன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தோடு இரண்டும் முடிந்தன.

எண்பத்தைந்தில் நாங்கள் டென்மார்க்கில், வைலேயில் அகதிகளாக இருந்தோம். அவருடைய சட்டப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் டெனிஷ் வகுப்பு, பிறகு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. வீட்டில் கதைப்பது குறைந்துகொண்டே வந்தது. வழக்குப் பேசிப் பழகிய மனிதர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் வாய்மூடி இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. என்னோடு சண்டை பிடித்தாலாவது நல்லது என்று நினைத்துச் சில நாள் உப்பைக் கூட்டிப் போட்டும் பார்த்தேன். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார்.

ஒரு பின்னேரம் குடாக்கடல் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். நான்கு டெனிஷ் பெண்கள் துடுப்பு வலிக்க, ஐந்தாவது பெண் சுக்கான் பிடிக்க, ஒரு படகு போனது. நான்கு துடுப்பும் நான்கு நேரத்தில் தண்ணீரில் விழுந்தன. இவருக்குப் பொறுக்கவில்லை. வாயில் கையைக் குவித்து, பின்னால் இருப்பவர் பிந்துகிறார், நடுவில் இருப்பவர் அவசரப்படுகிறார் என்று ஆங்கிலத்தில் கத்தத் தொடங்கிவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அவர்கள் படகை நிறுத்திக் கேட்டார்கள், சொன்னபடி வலித்துப் பார்த்தார்கள், கரைக்கு வந்து நீ யார் என்று விசாரித்தார்கள். அடுத்த கிழமையே இவர் அவர்களுடைய பயிற்சியாளர்.

அந்தப் படகுச் சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி. படகில் ஏறுகிற எவரும் முதலில் நீந்திக் காட்ட வேண்டும். இவர் கரையில் நிற்பவர் என்பதால், நீந்தத் தெரியுமா என்று வாயால் மட்டும் கேட்டார்கள். இவர் இரண்டாவது தடவையும் "ஓம்" என்றார்.

பிறகென்ன, படகு தண்ணீரில் போகும், இவர் கரைப் பாதையில் சைக்கிளில் போவார். ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்து, மறு கையில் ஒலிபெருக்கிக் குழாயை வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே ஓட்டுவார். யாழ்ப்பாணத்துக் குறுகிய ஒழுங்கைகளில் பழகிய கால்கள். நீ ஏன் படகில் வருவதில்லை என்று கேட்டால், "பிழை கரையில் இருந்தால்தான் தெரியும்" என்பார். அதை அவர்கள் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாது. யார் முதுகை வளைத்தாள், யாருக்கு மூச்சு வாங்கியது என்று சோற்றைப் பிசைந்தபடியே சொல்வார். அந்த நான்கு பெண்களுக்கும் நான் மனதுக்குள் கோயில் கட்டியிருந்தேன்.

அடுத்த கோடையில் பக்கத்து ஊரான கோல்டிங்கில் ஒரு போட்டி வந்தது. அதற்குச் சில கிழமைகள் இருக்க, சுக்கான் பிடிக்கும் பெண் கையை முறித்துக்கொண்டார். நான்கு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குள் மூத்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நான் பொரித்த ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவர் இவரிடம் கேட்டார்:

"நீயே சுக்கான் பிடி. சனிக்கிழமை நீச்சல் குளத்தில் நீந்திக் காட்டினால் போதும்."

இவர் வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே தமிழில் சொன்னேன்.

"இப்பவே உண்மையைச் சொல்லுங்கோ."

"நீர் சும்மா இரும்."

"சிரிச்சுக்கொண்டு கதையுங்கோ. அவையள் பாக்கினம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள்.

"பொய் சொன்னவன் எண்டு தெரிஞ்சால் விட்டிடுவினம்," என்றார், சிரித்த முகத்தோடேயே. "பிறகு எனக்கு இஞ்சை என்ன கிடக்கு?"

நான் இருக்கிறேனே என்று சொல்ல வாய் வந்தது. அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கும் விளங்கியது. தேநீர்க் கேத்திலை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஓட்டை டெனிஷில், "அவர் கரையில் தேவை. நான் பிடிக்கிறேன். எனக்கு நீந்த வரும்" என்றேன். பன்னிரண்டு வயதுவரை அண்ணன்மாரோடு பருத்தித்துறைக் கடலில் கிடந்தவள் நான். ஆசிரியை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, "பாரமும் இல்லை, படகு வேகமாகப் போகும்" என்று மகிழ்ந்துபோனார்.

நீச்சல் குளத்தில், உடுப்பு ஒன்றும் இல்லாமல் பெண்கள் எல்லோர் முன்னாலும் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று காவலுக்கு நின்ற பெண் என்னைத் திருப்பி அனுப்பியபோது, கட்டின மனுசனுக்காக ஒருத்தி இதையும் செய்ய வேண்டுமா என்று அவரை மனதாரத் திட்டிக்கொண்டுதான் குளித்தேன். ஆனால் நீந்திக் காட்டினேன்.

சுக்கானின் இரண்டு கயிறுகளையும் பிடிக்க அவர்தான் பழக்கினார். கரையிலிருந்து என்மீது கத்தினார், நான் படகிலிருந்து திருப்பிக் கத்தினேன். கலியாணம் கட்டி அவ்வளவு சந்தோசமாக நாங்கள் சண்டை பிடித்ததில்லை.

கோல்டிங்கில் வென்றோம். படகு இறங்குதுறையின் மரப் பாலத்தடிக்கு வந்து, நான் ஏறி நின்று அவரைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நான்கு பெண்களும் என் கையையும் காலையும் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் எறிந்தார்கள். வென்ற அணி சுக்கான் பிடித்தவரை அப்படி எறிவது இங்கே வழக்கமாம். அது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பேரை வாவியில் எவரையும் எறிந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

நான் மூக்கில் தண்ணீர் ஏறி, கோபத்தோடு மேலே வந்தபோது, பாலத்தில் எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு, கோட்டும் சப்பாத்தும் மூக்குக்கண்ணாடியுமாக அவர் ஓடிவந்து குதித்தார். குதித்தவர் கல்லுப்போலப் போனார்.

கோட்டுக் கழுத்தைப் பிடித்து நான் இழுத்தேன். ஆசிரியையும் குதித்தார். இருவருமாகப் பாலத்தில் ஏற்றிப்போட்டோம். இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். கைதட்டல் நின்றுவிட்டது.

"உனக்கு நீந்தத் தெரியாது," என்றார் ஆசிரியை.

எத்தனை சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவர். தலையைக் குனிந்தபடி, "தெரியாது. நான் பொய் சொன்னேன்" என்றார். எனக்கு அந்த நான்கு முகங்களையும் பார்க்கப் பயமாக இருந்தது.

ஆசிரியை தன் துவாயை எடுத்து அவர் தலையைத் துவட்டினார். "புதன்கிழமை வழக்கம்போலப் பயிற்சி," என்றார். "செவ்வாய்க்கிழமை நீச்சல் குளம். நான் பழக்குகிறேன். வராமல் இருந்துவிடாதே."

அவர் தலையாட்டினார். முகத்தைத் துவாய்க்குள்ளே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

ரயிலில் வைலேக்குத் திரும்பினோம். இருவர் உடுப்பிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. வீடு போய்ச் சேரும்வரை திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"உங்களுக்கு நீந்தத் தெரியாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"பிறகேன் குதிச்சனீங்கள்?"

அவர் குனிந்து ஈரச் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார்.

"நீர் தண்ணிக்குள்ள போறதைத்தான் கண்டனான்," என்றார். "மிச்சம் ஒண்டும் ஞாபகம் வரேல்லை."

அதற்குப் பிறகு நான் எப்படித் திட்டுவது?