ஒரே நாளில் இரண்டு முறை வந்த சீருடை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு புக்கிட் பெருவாங்கிலிருந்து மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போவேன். கண் பரிசோதனைக்குத்தான். அம்மாவுக்கோ அது கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி. முதல் நாளே சேலையை எடுத்து வைத்துவிடுவார். நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் எப்படியும் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் அகப்பட்டுவிடுவார். எங்கள் நம்பர் வரும்போது பேச்சு பாதியில் நிற்கும். சீக்கிரம் கூப்பிட்டுவிட்டார்களே என்று அலுத்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

போன முறை வார்டு வாசலைக் கடந்தபோது ஒரு தகப்பன் தன் மகளுக்காக வாசலில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வார்டில் அனுமதியில்லை என்கிற பலகை இன்றும் அங்கே தொங்குகிறது. அம்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பலகையை நான் ஒன்பது வயதில் தாண்டியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்தோம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கத்திக் காயம் எல்லாவற்றுக்கும் தோட்டக் கிளினிக்கின் டிரஸ்ஸர்தான். அவர் கைக்கு மீறியது என்றால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்து டவுன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவார். வெள்ளைக்காரன் காலத்திலேயே மேட்டின்மேல் கட்டிய ஆஸ்பத்திரி அது. பிற்பாடு பழைய கட்டடங்களுக்குப் பக்கத்தில் புதுக் கட்டடங்கள் மாடி மாடியாக எழும்பின. லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் பிறந்ததே அங்கேதான், நானும் அக்காளும் உட்பட. அதை யாரும் பேசமாட்டார்கள். அங்கே போய்த் திரும்பாதவர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். முந்தைய காலத்தில் சீட்டு வாங்கிய ஆட்கள் ரப்பர் மரங்களுக்குள் ஓடி ஒளிந்துகொண்ட கதைகூட உண்டு. டிரஸ்ஸர் சீட்டு எழுதினார் என்றாலே எங்கள் லயம் அமைதியாகிவிடும்.

அம்மாவுக்கு அவர் சீட்டு எழுதினார். என்னிடம் வெறும் காய்ச்சல் என்று சொன்னார்கள். வயிற்றில் கட்டி என்பதைத் தண்ணீர்க் குழாயடியில் பேசிக்கொண்டதிலிருந்து நானே தெரிந்துகொண்டேன்.

சின்னப் பிள்ளைகளை உள்ளே விடாததால் எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கீழே புல்வெளியில் நிற்க வேண்டும். நோயாளி மேலே சன்னலோரம் வந்து கையசைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புல்வெளியில் ஐந்தாறு பிள்ளைகளாவது அண்ணாந்துகொண்டு நிற்போம். முதல் ஞாயிறு அம்மா சன்னலுக்கு வந்தார். முகம் தெரிந்தது. இரண்டாவது ஞாயிறு ஒரு கை மட்டும் வெளியே நீண்டு அசைந்தது. "அதோ பாரு, அம்மா" என்றார் அப்பா. நானும் குதித்துக் குதித்துக் கையசைத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அந்த மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பேண்டு இருந்தது. முடி கட்டுவதற்கென்று அக்காள் எப்போதும் கையில் போட்டிருக்கும் ரப்பர் பேண்டு அது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அம்மா செத்துப்போய்விட்டார், என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் தோட்டத்து ஆண்கள் ஒரு லோரி நிறைய ஏறி ஆஸ்பத்திரிக்கு இரத்தம் கொடுக்கப் போனார்கள், யாருக்கு என்று என்னிடம் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் நான் தட்டைத் தள்ளி வைத்ததைப் பார்த்து அப்பா திட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் மாமாவுக்குப் போன் போட்டார்.

மாமா, அம்மாவின் தம்பி. கடலோர ஊரான உம்பாயில் ஒரு மீன்கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்தச் சட்டமாக இருந்தாலும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சாயங்காலம் வந்து என்னை மடியில் உட்காரவைத்து விசாரித்தார். நான் ரப்பர் பேண்டு விஷயத்தைச் சொன்னேன். அக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாவால் எழுந்து நிற்க முடியவில்லை, அதனால்தான் என் கையை நீட்டி அசைத்தேன் என்றாள். நான் நம்பவில்லை.

"நாளைக்கு நீயே நேர்ல போய்ப் பாத்துரு லா" என்றார் மாமா.

அவருடைய திட்டம் எளிமையானது. ஜாகா யாரிடமும் பிறப்புப் பத்திரம் கேட்பதில்லை. உடுப்பைத்தான் பார்ப்பார். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்குக் கருநீலம், இடைநிலைப்பள்ளிக்கு வெளிர்நீலம். வெளிர்நீலம் போட்டவளுக்குப் பன்னிரண்டு தாண்டியிருக்கத்தானே வேண்டும். அக்காள் டவுன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்த நல்ல சீருடை ஒன்றே ஒன்று.

ஆக மறுநாள் அவள் பள்ளி முடிந்து, வழக்கம்போல் மதியம் அம்மாவைப் பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கழற்றிக் கொடுத்த சீருடையை வியர்வையோடு அப்படியே எனக்கு மாட்டிவிட்டார்கள். இடுப்பில் துணியைச் சுருக்கி ஊக்கு குத்தினார்கள். பாவாடை கணுக்காலைத் தொட்டது. நெஞ்சில் அக்காளின் பெயர்ப்பட்டை, சட்டைப் பையில் அவள் பேனா கக்கிய நீல மைக்கறை. கேட்டால் படிவம் ஒன்று, அதாவது இடைநிலைப்பள்ளி முதல் வகுப்பு என்று சொல்லச் சொன்னார் மாமா. அக்காள் விடவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிறவர்கள் முதலில் ரிமூவ் கிளாஸ் ஒரு வருடம் உட்கார வேண்டும், நானே உட்கார்ந்தேன், இவள் மட்டும் எப்படி நேராகப் படிவம் ஒன்றுக்குப் போவாள் என்று சண்டைக்கு வந்தாள். சொல்லப்போவது பொய், அதிலும் அவளுக்கு நியாயம் வேண்டியிருந்தது.

மீன் வேனில் போனோம். இறங்கும்போது பாவாடை ஓரம் ஐஸ்பெட்டித் தண்ணீரில் நனைந்திருந்தது.

வாசலில் இருந்த ஜாகா வயதான மலாய்க்காரர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பெயர்ப்பட்டையைப் படித்தார். மைக்கறையைப் பார்த்தார். ஒருமுறை மூக்கைச் சுருக்கினார். எந்த வகுப்பு என்று மலாயில் கேட்டார். ரிமூவ் கிளாஸ் என்று நானும் மலாயில் சொன்னேன். அதற்கு அவர் தோட்டத்துக் கடையில் பேசுகிற தமிழில் சொன்னார்:

"மத்தியானம் வந்தப்ப பெரிசு. இப்ப சின்னது. மழையில நனைஞ்சு சுருங்கிப்போச்சா?"

மாமா எங்கேயோ கூரையைப் பார்த்தார். "இன்னைக்கு மழையே பெய்யல, பாச்சிக்" என்றேன் நான், மலாய்ப் பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி.

அவர் முகம் மாறவில்லை. "சரி, அஞ்சு நிமிசம்" என்று வழிவிட்டார். நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை. பல வருடங்கள் அந்த மனிதரை ஏமாளி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கோடிக் கட்டிலில் இருந்தார். கையில் ஊசி, முகம் சிறுத்துப் போயிருந்தது. ஆனால் உயிரோடு இருந்தார். அம்மா முதலில் யாரோ என்று பார்த்தார். பிறகு பெயர்ப்பட்டையைப் பார்த்தார். பிறகு வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார்.

"மீன் நாத்தம் அடிக்குது. மாமன் வேலதான இது?"

நான் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அம்மா என்னை விலக்கி நிற்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். கழுத்துப்பட்டையைச் சரி செய்தார். பின்னலை எடுத்து முன்னால் போட்டார். "தோளு கொஞ்சம் தொங்குது. நாலு வருசத்துல சரியாயிரும்" என்றார். அப்புறம் வார்டு வாசல்வரைக்கும் நடந்து காட்டச் சொன்னார்.

"பள்ளிக்கூடம் போறப்ப சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தேன். வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது அம்மா அழுதுகொண்டிருந்தார். மாமா சன்னல் பக்கம் திரும்பி நின்றார். இருக்கிற ஒரே நல்ல சீருடையை மீன் தண்ணீரில் நனைத்துவிட்டேன், அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்து, நானே துவைத்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். நர்ஸ் மிஸ்ஸி வந்து நேரமாகிவிட்டது என்றார். மறுநாள் காலையில் ஆப்பரேஷன் என்பது எனக்குத் தெரியாது.

அன்று இரவு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரங்களில் அம்மா மாமாவின் மீன் வேனிலேயே வந்து இறங்கி, அந்த நாற்றத்துக்காக அவரை ஒரு மாதம் திட்டினார்.

நாலு வருடம் கழித்து, ரிமூவ் கிளாஸின் முதல் நாள். இந்த முறை வெளிர்நீலச் சீருடை எனக்கென்றே வாங்கியது, அளவாக இருந்தது, என் பெயரே தைத்திருந்தது. விடியுமுன்பே உடுத்திக்கொண்டு அடுப்படியில் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். அம்மா தோசைக்கல்லிலிருந்து ஒருமுறை தலையைத் தூக்கினார்.

"அன்னைக்கே பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டார்.

எனக்குக் கோபமான கோபம். அக்காள் முதன்முதலாகப் போட்ட அன்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தவர், எனக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினேன். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அம்மா தோசைக் கரண்டியோடு சாலையோரம் வந்து நின்றுகொண்டிருந்தார். ரொட்டிக்காரருக்காகக் காத்திருக்கிறார் போலும் என்று எண்ணி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.