உன் ரத்தத்தில் மீன் நாற்றம்

எங்கள் தோணித்துறையில் சீட்டுக் கொடுக்கிற யும்னாவோடு சண்டை போடாதவர் இந்தத் தீவில் யாரும் இல்லை. சில்லறை இல்லையென்றால் பின்னால் போய் நில் என்பாள். குழந்தை அழுதால் அதைக் கடற்கரைப் பக்கம் தூக்கிக்கொண்டு போ என்பாள். பள்ளிவாசல் இமாமையே ஒருமுறை வரிசையின் கடைசிக்கு அனுப்பியிருக்கிறாள். ஆள் என்னவோ பள்ளிக்கூடப் பிள்ளை அளவுதான். இருபதைத் தாண்டியவள் என்று சத்தியம் செய்தாலும் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். முகம் சாம்பல் பூத்த கறுப்பு. வாய் மட்டும் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

எனக்கும் அவளைப் பிடிக்காது. அவள் அம்மா வஹீதாவை என் அண்ணன் ஈஸா கட்டிக்கொண்டபோது யும்னாவுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து அண்ணனை அவள் வாப்பா என்று கூப்பிட்டதே கிடையாது. ஈஸா என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதுவும் வா போ என்றுதான். என்னையும் மாமி என்றதில்லை. வெறும் ஹலீமா. நான் மாசிக் கருவாடு போட்டுப் பிழைக்கிறவள். என் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவாள். மூக்கைப் பொத்துகிற அளவுக்கு இந்தத் தீவில் வேறு என்ன வாசம் இருக்கிறது என்று கேட்டால் இன்னும் அழுத்திப் பொத்துவாள்.

பிறவியிலேயே அவளுக்குத் தலசீமியா. உடம்பில் ரத்தம் ஊறாது. வஹீதாவுக்கும் அவளுடைய முதல் புருஷனுக்கும் அந்தக் குறை பாதிப் பாதி இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார்கள். முடிவு தெரிந்த பிறகும் கட்டிக்கொண்டார்கள், காதலாம். ஒரு வயது முடிவதற்குள் பிள்ளை வெளிறிப்போனது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க. பெற்றவன் கொஞ்சநாள் பார்த்தான். தலாக் சொல்லிவிட்டுத் தலைநகர் மாலேக்குப் போனான், அங்கே ஒருத்தியைக் கட்டினான், அவளையும் விட்டு இன்னொருத்தியைக் கட்டினான். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

ரத்தம் ஆஸ்பத்திரியில் கொட்டிக் கிடக்காது. நோயாளி வீட்டார்தான் ஆளைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். அண்ணனுக்கு அந்தக் குறை இல்லை, ரத்த வகையும் சேர்ந்தது. தூண்டில் கழி பிடித்துச் சூரை மீனை வரிசையாகத் தூக்கிப்போடுகிற கை அவனுக்கு. அந்தக் கையை நீட்டினான். அடிக்கடி கொடுக்கக்கூடாது என்பதால் தன்னோடு தோணியில் போகும் ஆட்களையும் கெஞ்சியோ மிரட்டியோ சேர்த்துக்கொண்டான். ஆறப்போட்டு மறுபடி அவன் முறை வரும். இப்படியே வருஷங்கள் போயின. அவள் சொன்ன நன்றி என்ன தெரியுமா? ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே பையைப் பார்த்து, "ஈஸா, உன் ரத்தத்துல மீன் நாத்தம் அடிக்குது" என்றாள். அவன் என்னிடம் வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரத்தம் ஏற்றுவதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு பையோடும் இரும்புச் சத்து உள்ளே போகிறது. போனதை வெளியே தள்ள உடம்புக்கு வழி தெரியாது. ஈரலில் படியும், நெஞ்சில் படியும். அதைக் கரைத்து இறக்க ஒரு மருந்து. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசியைக் குத்திக்கொண்டு, கையளவு இயந்திரம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் படுத்திருக்க வேண்டும். யும்னா சின்ன வயதில் அழுதாள். கொஞ்சம் வளர்ந்ததும் அழுகையை நிறுத்தினாள், கதவைச் சாத்திக்கொண்டு தானே குத்திக்கொள்கிறேன் என்றாள். இயந்திரம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு வஹீதா நிம்மதியாகத் தூங்கினாள்.

போன வருஷம் நோன்புக்குச் சற்று முன்னால் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேசைமேல் சரிந்தாள். நெஞ்சு தாறுமாறாக அடித்தது, கால் வீங்கியிருந்தது, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. மாலேக்குக் கொண்டுபோனார்கள். இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இரும்பு இதயத்திலேயே இறங்கிவிட்டது, அது சோர்ந்துபோய் அடிக்கிறது என்றார். ராத்திரி மட்டும் பத்தாது, இனிப் பகலும் ராத்திரியும் இடைவிடாமல் மருந்து ஏறவேண்டும், மாத்திரையும் சேர வேண்டும். மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தால் இதயம் திரும்பும். செய்யாவிட்டால் அடுத்த வருஷ நோன்பைப் பார்க்கமாட்டாள். இத்தனை நாள் மருந்து போட்டும் எப்படி இவ்வளவு சேர்ந்தது என்று அவருக்கே புரியவில்லை.

எங்களுக்குப் புரிந்தது. இங்கே வீட்டில் அண்ணன் அவள் மெத்தையை வெயிலில் போட எடுத்தபோது ஓரமெல்லாம் ஊசி குத்திய துளைகள், காய்ந்துபோன கறை. வருஷக்கணக்காக அந்த மருந்தை அவள் மெத்தைக்கு ஏற்றியிருக்கிறாள். வஹீதா அந்த மெத்தைமேலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அறையத்தான் தோன்றியது.

கொஞ்ச நாள் மாலேயில் கிடத்தி நரம்பு வழியாக மருந்து ஏற்றி, பிறகு இடுப்பில் இயந்திரத்தோடு அனுப்பி வைத்தார்கள். வந்த வாரமே யாரும் பார்க்காத நேரம் கழற்றிவிட ஆரம்பித்தாள். அண்ணனுக்கு வாய்ப்பேச்சு குறைவு, கோபம் வந்தால் மட்டும் கூரை அதிரும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். மெத்தையில் குத்தி எங்களை ஏமாற்றியதுபோல இதயத்தை ஏமாற்ற முடியாது என்று அவன் கத்தினான். நானும் அங்கே இருந்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை.

"நீ யாரு என்னக் கேக்கறதுக்கு? உன் ரத்தத்துல இருந்த இரும்புதான் என் நெஞ்சுல உக்காந்திருக்கு. மீனாத் தின்னு தின்னு அத்தனையும் எனக்குள்ள எறக்கிட்டே. கொன்னது நீ, பேச்சு எனக்கா?"

அண்ணன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனான்.

அதற்குப் பிறகு அவன் மீனைத் தொடவில்லை. எங்கள் ஊரில் காலையில் தேங்காயோடு பிசைந்த மீன், மத்தியானம் சோற்றுக்கு மீன் அவித்த சாறு, சாயங்காலத் தேநீருக்கு மீன் வைத்த பலகாரம். அதைவிட்டால் வேறு என்ன தின்பது? வெறுஞ்சோற்றில் தேங்காய்ப்பாலும் மிளகாயும் பிசைந்து தின்றான். தோணியில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது ரொட்டியைச் சர்க்கரையில் தொட்டுக்கொண்டானாம். ஊரே சிரித்தது. சூரை பிடிக்கிறவனே சூரைக்குப் பயந்துவிட்டானா என்று கிண்டல். கேட்டால் வயிற்றில் புண் என்றான். நான் போட்ட மாசியை என் முன்னாலேயே வேண்டாம் என்றபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உன் சமையல்தான் அவன் வயிற்றைக் கெடுத்துவிட்டது என்று வஹீதாவோடு போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். ஆள் வற்றிக்கொண்டே போனான். படி ஏறினால் இரைத்தது. யும்னா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்த மாதிரியும் இல்லை.

மீன் பாடு நன்றாக இருந்த சமயம் அது. ரத்தம் கொடுக்கிறவர்கள் எல்லாரும் கடலில் இருந்தார்கள். யும்னாவுக்கு ரத்தம் இறங்கிவிட்டது. நொந்த இதயத்துக்கு அது ஆகாது, தள்ளிப்போடவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் முறையும் வந்திருந்ததால் அவளோடு கிளம்பினான். துணைக்கு நான் போனேன், அவளுக்காக இல்லை, அவன் நடை தள்ளாடியது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற பையன் அண்ணன் விரலைக் குத்திப் பார்த்தான். திரும்பவும் வேறு விரலைக் குத்தினான். உங்களுக்கே யாராவது ரத்தம் ஏற்ற வேண்டும் போலிருக்கிறது, எடுக்க முடியாது என்றான். அண்ணன் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று நாற்காலியைவிட்டு எழ மறுத்தான். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று பையன் கேட்டான்.

"மீன விட்டுட்டேன்" என்றான் அண்ணன். "இரும்பு கொறஞ்ச ரத்தமா குடுக்கலாம்னு."

பையன் சிரித்துவிட்டான். இரும்பு இருந்தால்தான் அது ரத்தம், பலமில்லாத ரத்தம் கொடுத்தால் அவளுக்கு இன்னும் அதிகம் பை ஏற்ற வேண்டியதுதான், இரும்பை இறக்குவது மருந்தின் வேலை, உங்கள் பட்டினியின் வேலை இல்லை என்று விளக்கினான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் யும்னாவைப் பார்த்தேன். அவள் பாய்ந்தது அந்தப் பையன்மேல்.

"சிரிக்கிறதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க? வாய மூடு."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, அறிவுகெட்டவனே என்று ஆரம்பித்து, எங்கள் பாஷையில் உள்ள அத்தனை வசவையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதியில் மூச்சுத் திணறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எழுந்து பிடிக்கப் போனான், கையைத் தட்டிவிட்டாள்.

ரத்தத்துக்கு வேறு ஆள் இல்லை. எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வகை. எனக்கும் அந்தக் குறை கிடையாது என்று எப்போதோ சோதித்துச் சொல்லியிருந்தார்கள். ஊசி என்றால் எனக்கு நடுக்கம். இருந்தாலும் போய்ப் படுத்தேன். உனக்காக இல்லை, என் அண்ணன் முகத்துக்காக என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். தெரியும் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்படிக்குப் போனாள். தட்டு நிறையச் சோறு, அதன்மேல் பெரிய மீன் துண்டுகள். கொண்டுவந்து அண்ணன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"தின்னு."

"நீ ஊசியப் போடு. அப்பறம் திங்கறேன்."

"மொதல்ல நீ."

"முடியாது."

இருவரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறியது. வஹீதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், இரண்டு பேரும் சேர்ந்து அவளை அதட்டினார்கள். கடைசியில் யும்னா போய் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள். யார் எதிரிலும் போட்டுக்கொள்ளாதவள், எங்கள் எல்லார் எதிரிலும் சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டாள். தழும்பும் கட்டியுமாக இருந்த அந்த வயிற்றை அன்றுதான் நான் பார்த்தேன். அவளை அறையத் தோன்றியதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணன் சாப்பிட ஆரம்பித்தான்.

பிறகு தினமும் இதே கூத்து. மருந்து வேலை செய்தால் மூத்திரம் சிவந்து போகும், இரும்பு வெளியேறுகிறது என்று அர்த்தம். அண்ணன் அதற்கும் கணக்குக் கேட்பான். சிவப்புத்தான், வந்து பார்க்கிறாயா என்று அவள் கழிப்பறையிலிருந்து கத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். அவன் தட்டில் முள் மட்டும் மிச்சமிருக்கிறதா என்று அவள் கிளறிப் பார்ப்பாள். இயந்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டே தோணித்துறை வேலைக்குத் திரும்பினாள். சீட்டு வாங்க வருகிறவர்களிடம் உன் ரத்தம் என்ன வகை என்று கேட்க ஆரம்பித்தாள். கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொள்ளும்வரை மிச்சச் சில்லறை கையை விட்டு வராது. இப்படியே ஒரு கூட்டம் சேர்த்துவிட்டாள்.

இந்த வருஷ நோன்பும் வந்து போனது. பெருநாளுக்குப் பிறகு மாலேயில் திரும்பவும் படம் எடுத்தார்கள். இதயம் முழுக்கத் திரும்பவில்லை, பாதிக்குமேல் திரும்பியிருக்கிறது, இயந்திரத்தை மட்டும் கழற்றிவிடாதே என்றார்கள். வந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை ரத்தம் ஏற்றப் போனபோது கூடவே வந்து பையனிடம் விரலை நீட்டினான். ரத்தம் சரியாக இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இவன்கிட்ட இனிமே எடுக்காதீங்க" என்றாள் யும்னா. "உறிஞ்சினது போதும். எனக்கு வேற ஆள் இருக்கு."

அண்ணன் முகம் செத்துப்போனது. எடுக்கத்தான் வேண்டும் என்று பையனிடம் கத்தினான், நாற்காலிக் கையை அடித்தான். அவள் அசையவில்லை. கத்தி ஓய்ந்ததும் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"ரத்தமும் குடுக்கலன்னா நான் உனக்கு யாரு?"

"யாருன்னு தெரியாமலா மீன விட்ட?" என்றாள் அவள்.

அண்ணன் மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டான். அவள் உள்ளே போய்க் கட்டிலில் படுத்து, ஏற்றச் சொல்லிக் கையை நீட்டினாள்.