பாதி கியர் ஆயில்

எங்கள் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. கியர் மாறும்போதெல்லாம் குலுங்கியது. "நீ ஓட்டுற ஓட்டுலதான் இப்படி ஆச்சு" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து அவள் சாவியைத் தொடவில்லை. வேலைக்கு பஸ்ஸில் போனாள்.

இலஞ்சியில் ஒரு மெக்கானிக் கியர் ஆயிலை வடித்தார். தார் போலக் கறுப்பு.

"ஓட்டுனவங்க மேல தப்பில்ல, அண்ணாச்சி. வாங்குன நாள்ல இருந்து நீங்க இத மாத்தவே இல்லியே!"

பழைய வண்டியில் ஒரேயடியாக மாற்றினால் கியர் வழுக்கும் என்று பாதி ஆயிலைத்தான் மாற்றினார். மீதி அடுத்த மாதமாம்.

எல்லாவற்றையும் மனைவியிடம் ஒப்புக்கொண்டு சாவியை நீட்டினேன். மறுநாள் குற்றாலத்துக்கு அவளே ஓட்டினாள். குலுக்கல் நன்றாகக் குறைந்திருந்தது.

"கோவம் போயிட்டா?" என்றேன்.

"பாதி போயிட்டு. மீதி அடுத்த மாசம்" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மெக்கானிக் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்பே போய் நின்றேன்.